நாய்க்கும் ஒரு பதிவேடு

‘பெடிகிரி’ என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து போனது. ‘பியே த க்ரூ’ என்றால் கொக்கின் கால். பழைய வம்சாவளிப் படங்களில் தகப்பன் பெயருக்குக் கீழே கோடுகள் பிரித்துப் பிள்ளைகளின் பெயரை எழுதுவார்கள். அந்தக் கோடுகள் கொக்கின் கால்போல இருந்ததால் வந்த பெயர்.

‘டெரியர்’ என்பதும் பிரெஞ்சுதான். ‘தெர்’ என்றால் மண். ‘தெரியே’ என்றால் வளை. நரியையும் எலியையும் வளைக்குள் புகுந்து விரட்டும் நாய் என்பதால் அந்தப் பெயர். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய பிரான்சில் எந்த நிலம் யாருடையது, அவர் என்ன கட்ட வேண்டும் என்று எழுதிவைத்த பதிவேட்டுக்கும் ‘தெரியே’ என்றே பெயர். நம் கிராமத்து ‘அ’ பதிவேடு மாதிரி. பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு பதிவேடுகளோடு பணிக்காலத்தைக் கழித்த எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

நாய்க்குப் பதிவேடு வந்தது கண்காட்சியால். 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கி, இன்ன நாய்க்கு இன்ன தாய், இன்ன தகப்பன் என்று எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். இந்தப் பந்தயத்தில் கொடிகட்டிப் பறந்தவை டெரியர்கள். நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் 1907, 1908, 1909 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதல் பரிசு வாங்கியது வாரன் ரெமெடி என்ற பெண் ஃபாக்ஸ் டெரியர். அந்தப் பரிசை மூன்று முறை வென்ற நாய் இன்றுவரை வேறொன்று இல்லை.

ஆனால் பரிசு கொடுப்பவர் கண்ணால் பார்த்துத்தான் கொடுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத குறை அவருக்கு எப்படித் தெரியும்? அதே இங்கிலாந்தில் வெள்ளை டெரியர் என்று ஓர் இனம் இருந்தது. மாசு மறுவில்லாத வெள்ளைதான் அதன் பெருமை. வெள்ளைக்காகவே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கியதில் செவிட்டுக் குட்டிகள் பெருகின. வளர்ப்பவர்கள் கைவிட்டார்கள், சில பத்தாண்டுகளில் இனமே அழிந்துபோனது. அந்த இனத்தையும் கலந்து பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் உருவாக்கிய வெள்ளை புல் டெரியருக்கும் இதே வினை உண்டு. காதைச் சோதித்துப் பார்த்த ஆய்வில், வெள்ளை நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. நிறமுள்ளவற்றில் இது மிகக் குறைவு.

காரணம் எளிது. தோலுக்கு நிறம் தரும் அதே வகை அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே உட்காது கெட்டுவிடும். வெள்ளை நாயெல்லாம் செவிடு என்பதல்ல. வெள்ளை ஒன்றையே பார்த்துச் சேர்த்தால் செவிடு கூடும் என்பதுதான் விஷயம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிப் போனால் வரும் ராஜபாளையத்தின் கதையும் இதுதான். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர்போன நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்றால்தான் வாங்குபவருக்குத் திருப்தி. இந்த இனத்தில் பழுப்பும் கறுப்பும் புள்ளி விழுந்ததும் பிறப்பதுண்டு. முன்பெல்லாம் அப்படிப் பிறந்த குட்டிகளைக் கழித்துக்கட்டிவிடுவார்கள். காது நன்றாகக் கேட்டிருக்கக்கூடிய குட்டிகள் அவை! செவிட்டுக் குட்டிகள் இந்த இனத்தில் அதிகம் என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. சிப்பிப்பாறைப் பக்கத்து வேட்டை நாய்களுக்கு இந்த வெள்ளைப் பித்து இல்லை. கன்னி, செவலை என்று நிறத்தைச் சொல்லியே கொண்டாடுகிறார்கள்.

எங்கள் அவனியாபுரத்தில் ஒருவர் பால் வெள்ளைக் குட்டி ஒன்று வாங்கிவந்தார். விமான நிலையம் பக்கத்தில்தான். தலைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு போகும். குட்டி அசையாமல் தூங்கும். “எவ்வளவு தைரியம் பாருங்க சார்” என்று பெருமையாகச் சொன்னார். ஆறு மாதம் கழித்துச் சாலையில் லாரி ஹாரன் அடித்தும் அது விலகவில்லை.

ராஜபாளையத்துக்கு இன்று மரியாதைக்குக் குறைவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப் அதைப் பதிவு செய்கிறது. 2005-இல் அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். பாராட்டு வந்தால் கிராக்கி வரும். கிராக்கி வந்தால் அவசரமாகக் குட்டி போடவைத்து விற்பவர்களும் வருவார்கள்.

தை முதல் நாள் எங்கள் ஊர் வாடிவாசலில் நிற்கும் காளையைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊர்ப் பசு ஈன்றது, தகப்பன் காளை எங்கே நின்று விளையாடியது என்று வாயாலேயே சொல்லிவிடுவார்கள். அதில் நிறம் மட்டுமா வரும்? குணமும் பாய்ச்சலும் சேர்ந்தே வரும். நாய்ப் பதிவேட்டிலும் அப்படிக் காதுக்கென்று ஒரு கலம் இருக்க வேண்டும். தாய்க்குக் கேட்குமா, தகப்பனுக்குக் கேட்குமா, ஈற்றில் எத்தனை குட்டிக்குக் கேட்டது என்று எழுத வேண்டும். செவிட்டு நாயைச் சினைக்குச் சேர்க்கக் கூடாது.

பேரப்பிள்ளைகளுக்காகக் குட்டி வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஆறு வாரம் ஆன குட்டி தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில், அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாமல் இருந்தால் இதில் தெரியாது. அதற்குக் கருவி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இரண்டும் கேளாதது பெரும்பாலும் தெரிந்துவிடும். உடம்பில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தால் அதற்காகக் குட்டியை ஒதுக்காதீர்கள். காவலுக்கு வேண்டியது காதுதான்.