அப்பர் வயிறும் அம்மா வயிறும்

கோயில், கல்வெட்டு, போர்னு நிறைய பேசியாச்சு. இன்னிக்கு வயிறு. சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, முடிச்சிட்டு வாங்க.

எங்க ஊர் பெண்ணாடம். விருத்தாசலம் தாண்டி, திருச்சி போற கார்டு லைன்ல இருக்கு. பழைய பெயர் பெண்ணாகடம். இங்கே இருக்கும் சிவன் கோயிலுக்குத் தூங்கானைமாடம்னு பெயர். விமானம் படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைஞ்சிருக்கும். 7ஆம் நூற்றாண்டில் அப்பர் இங்கே வந்து, சமணத்தில் இருந்த இந்த உடம்போடு வாழ மனசில்லை, என்மேல் சூலக் குறியும் இடபக் குறியும் பொறிக்கணும்னு வேண்டினார் என்கிறது பெரியபுராணம். சமணத்திலிருந்து அவரைத் திரும்ப இழுத்தது தத்துவ விவாதம் இல்லை. வயிற்று வலி.

கதை தெரிஞ்சதுதான். இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூர்தான் அன்றைய பாடலிபுத்திரம். அங்கே சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாக இருந்தவருக்குச் சூலை நோய் வருது. மடத்து வைத்தியம் எதுவும் எடுபடலை. சமையல் செய்யும் ஆளை அக்கா திலகவதியாரிடம் அனுப்புறார். 'நான் அங்கே வரமாட்டேன்' என்று அக்கா சொல்லிடுறாங்க. ராத்திரியோடு ராத்திரியாக அவரே திருவதிகை போய்ச் சேர்றார். அக்கா திருநீறு கொடுத்து கோயிலுக்குக் கூட்டிப்போறாங்க. வலி தீருது. அவர் பாடின முதல் பதிகமே குடல் முறுக்குறதைப் பற்றிய முறையீடுதான். எங்க ஆபீஸ் மொழியில சொன்னா, தமிழ் வரலாற்றிலேயே இவ்வளவு தெளிவான பக் ரிப்போர்ட் வேற கிடையாது.

ஆனா அந்த அக்காவை யோசிச்சுப் பாருங்க. அப்பா அம்மா போயாச்சு. நிச்சயம் பண்ணின கலிப்பகையார் போரில் இறந்தாச்சு. தம்பிக்காகவே உயிரோடு இருந்தாங்க. அவங்களுக்கு எப்பவாவது வயிறு வலிச்சுதா? சேக்கிழார் ஒரு வரிகூட சொல்லலை.

கல்வெட்டிலும் இதே கதைதான். 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பாலாற்றங்கரையில் 15 படுக்கை உள்ள ஓர் ஆதுலசாலையைப் பற்றிச் சொல்லுது. மருந்துப் பட்டியலே இருக்கு. அதில் ஹரீதகி என்று முடியும் மருந்துகள் பல. ஹரீதகின்னா நம்ம கடுக்காய். இன்னிக்கும் மலச்சிக்கலுக்குக் கொடுக்கிறது. அந்தச் சாலையில் பெண்களும் இருக்காங்க: நோயாளிகளைப் பார்த்துக்கிட்டு மருந்து காய்ச்சுற இரண்டு பேர். படுக்கையில் பெண் யாராவது படுத்திருந்தாங்களான்னு அதில் இல்லை.

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அம்மா. மூணு வருஷமா மேல்வயிறு வலி. கேட்டா "ஒண்ணுமில்லடா, கேஸு." மெடிக்கல்ல பத்து ரூபாய் மாத்திரை. நானும் போன்ல "சோடா குடிம்மா"ன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிருக்கேன். கடைசியில் ஒரு ராத்திரி வலி தாங்காம ஸ்கேன் எடுத்தா, பித்தப்பை முழுக்கக் கல். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க.

பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஈஸ்ட்ரோஜன் பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டுது. கர்ப்ப காலத்தில் பித்தப்பை சுருங்குறதும் மந்தமாகுது. இன்னொரு விஷயம்: சாப்பிட்டாத்தான் பித்தப்பை சுருங்கி பித்தத்தை வெளியே தள்ளும். நெடுநேரம் பட்டினி கிடந்தா பித்தம் அப்படியே தேங்கும். எங்க அம்மா பதினொரு மணிக்கு முன்னாடி காலைச் சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் போட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, பாத்திரம் கழுவி, அப்புறம்தான். வெளியூர் போற நாள்ல தண்ணிகூடக் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் பாத்ரூமை நினைச்சு.

ஆஸ்பத்திரியில காத்திருந்தப்போ படிச்சதுதான் சரக சம்ஹிதை. வயிற்றில் வரும் குல்மம் என்ற நோயை, நம்ம சித்த மருத்துவத்தில் குன்மம், அது ஐந்து வகையாகப் பிரிக்குது. ஐந்தாவது வகை பெண்களுக்கு மட்டும் வருவது. வயிறு, கருப்பை எல்லாம் சேர்த்தே பேசுது. கர்ப்பம் மாதிரியே தெரியும், அதனால பத்து மாசம் கழிச்சுத்தான் வைத்தியம் பண்ணணும்னுகூட சொல்லுது. இன்றைய மருத்துவத்தோட அப்படியே பொருத்த முடியாது. ஆனா காரணம்னு எழுதியிருக்கிறதைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாதவிலக்கு நாட்களில் சாப்பிடாம இருப்பது, பயம், வறண்ட உணவு, மலஜலத்தை அடக்கி வைப்பது. கிட்டத்தட்ட 2000 வருஷம் முன்னாடி!

காரணம் தெரிஞ்சிருந்தும், வயித்தைத் தொட்டுப் பார்க்க ஆள் கிடைக்க ரொம்ப காலம் ஆச்சு. ஆண் டாக்டரிடம் காட்டாத பெண்களுக்காக மேரி ஷார்லீப் முயற்சியில் சென்னையில் தனி ஆஸ்பத்திரி தொடங்கினது 1885ல். கோஷா ஆஸ்பத்திரின்னு சொல்லுவாங்களே, திருவல்லிக்கேணியில் இப்போ கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, அதுதான்.

டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு அந்த நாலு காரணத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எழுதினது ஆம்பளையாடா?"ன்னாங்க.

ஆமான்னேன்.

"அவங்க அம்மா சொல்லியிருப்பாங்க."