அரை மாவில் முக்கால்

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் இன்றைய 'எண்ணும் எழுத்தும்' வகுப்பையும் அருகருகே வைத்தால், எதிர்பாராத ஓர் ஒற்றுமை கண்ணில் படும். திண்ணையில் ஆண்டு வகுப்பு கிடையாது. எண்சுவடியில் ஒரு வாய்பாடு மனத்தில் ஏறிய பிறகே பிள்ளை அடுத்ததற்குப் போவான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பவே பாடம் நடத்துகிறது. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய முதல் உதவி இதுதான்.

அச்சத்திலும், யாருக்கு இடம் என்பதிலும் இரண்டும் பிரிகின்றன. தமிழறிஞர் உ.வே.சாமிநாதையர் உத்தமதானபுரத்தில் படித்த காலத்துத் திண்ணைகளில் சட்டாம்பிள்ளையும் பிரம்பும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கும், வயலில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அங்கே இடமே இல்லை. இன்றைய வகுப்பில் பாட்டும் விளையாட்டும் அட்டைகளும் இருக்கின்றன. அந்த வகையில் இன்றைய வகுப்பே மேல். எனக்கு இதில் சந்தேகமில்லை.

ஆனால் பின்னக் கணக்கு வந்துவிட்டால் திண்ணையிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. முக்காலை அரையால் பெருக்கச் சொன்னால், ஆறாம் வகுப்பில் திணறும் பிள்ளை மேலே மூன்று, கீழே எட்டு என்று எழுதிவிட்டு ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். திண்ணைப் பிள்ளைக்கு முக்கால் என்பது அரையும் காலும்; அரையில் பாதி கால், காலில் பாதி அரைக்கால். ஆக, விடை காலும் அரைக்காலும் சேர்ந்த காலே அரைக்கால். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்துக்கு இன்றும் மா கணக்கு வழங்குகிறது: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அரை மா என்றால் 50 குழி. அதில் முக்கால் பங்கு நடவு முடிந்திருந்தால் 37½ குழி. ஒரு மாவில் கால் 25, அரைக்கால் 12½. கூட்டினால் அதே 37½. யாரையும் கேட்காமல் தானே சரிபார்த்துக்கொள்ளும்போதுதான் பிள்ளைக்குத் தைரியம் பிறக்கிறது. 'சபாஷ்' என்று நூறு முறை சொன்னாலும் அது வராது.

இப்படித் தானே சரிபார்க்க இன்னொரு கணக்கும் உண்டு. கொறுக்கையூர்க் காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்னும் பழைய கணக்கு நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணிக்கை சொல்ல வழி இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். எல்லாப் பழத்துக்கும் இது பொருந்துமா என்பதையே வகுப்பில் கேள்வியாக வைக்கலாம். பழத்தை வெட்டும்வரை ஆசிரியருக்கும் விடை தெரியாது. எப்போதும் தப்பாகச் சொல்கிற பிள்ளையும் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து சுளை எண்ணும்.