திருத்த முடியாத தெரிவு

தொழிற்சாலை இடைவேளையில் என்னுடன் வேலைசெய்யும் இளைஞர்கள் கணினி விளையாட்டுகள் பற்றி விவாதிப்பார்கள். கேட்கக் கேட்க, அது தெரிவு பற்றிய விவாதம் என்பது புரிந்தது.

2000 இல் வெளிவந்த 'டியாப்ளோ 2' இல் ஒவ்வொரு படிநிலை உயர்வுக்கும் ஒரு திறன்புள்ளி கிடைக்கும். மூன்று திறன்மரங்களில் ஒன்றில் அதை இடவேண்டும். இட்டதை மீளப்பெற முடியாது. பிழைத்தால் புதிய பாத்திரத்துடன் முதலிலிருந்து தொடங்கவேண்டும். 2010 இல் வந்த 1.13 திருத்தமே புள்ளிகளை மீளப்பெற வழிவிட்டது. 2012 இல் 'டியாப்ளோ 3' மரங்களையே அகற்றி, திறன்களை விரும்பியபடி மாற்றவிட்டது. தெரிவு கனதியிழந்தது என்று பழைய ஆட்டக்காரர் பலர் குறைப்பட்டனர். 2023 இல் வெளிவந்தபோது 'டியாப்ளோ 4' மரத்தை மீளக் கொண்டுவந்தது. மாற்றுவதற்குப் பொன் செலுத்தவேண்டும் என்றது.

பழையவர்களின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்ற முடியாத காலத்தில் பலர் பிழைத்துவிடும் என்ற பயத்தில் பிறர் வகுத்த பாதையையே பின்பற்றினர். அதைச் சுயமான தெரிவு என்பதா?

விரிவுரையாளனாக இருந்து இன்று இயந்திரத்தின் முன் நிற்பவன் நான். மீளமுடியாத தெரிவின் கனதியை விளையாட்டில் தேடவேண்டிய தேவை எனக்கில்லை. திருத்த வழி இருக்கவேண்டும். அதற்கு ஒரு விலையும் இருக்கலாம். அந்த விலையை யாரால் கொடுக்கமுடியும் என்பதே நாம் விவாதிக்கவேண்டியது.