சாவுக்குப் பதில் சொன்னது யார்? பழைய கிள்ளானின் கதை

கிள்ளான் பட்டணத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது பண்டமாரான். இன்று அங்கே கடை வரிசை, பள்ளிக்கூடம், கோயில், ஓயாமல் லாரிகள் இரையும் சாலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் பிள்ளைகள் "காடு" என்று ஒரே சொல்லில் பதில் சொல்வார்கள்.

காடுதான், சதுப்பு நிலந்தான். ஆனால் ஆளில்லாத காடு அல்ல. ஆற்றோரம் கோட்டை இருந்தது. ஈயம் ஏற்றிய படகுகள் வந்து போயின. அந்த ஈயத்துக்கு வரி வசூலிக்கப் பல கைகள் போட்டியிட்டன. மனிதர்கள் சட்டென்று செத்துப்போகும் இடமாகவும் அது இருந்தது. சிலர் கத்தியாலும் துப்பாக்கியாலும் செத்தார்கள். அவர்களைவிடப் பலர் காய்ச்சலில் செத்தார்கள்.

அந்தச் சாவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது: இந்தச் சாவுக்கு யார் பதில் சொல்வது?

87 பேரில் மிஞ்சியவர் 18

1857ஆம் ஆண்டு. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும் லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாட்டும் சேர்ந்து 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேட அனுப்பினார்கள். முதலீடு மலாக்கா வணிகர்களுடையது. படகுகள் கிள்ளான் ஆற்றில் ஏறி, கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தை அடைந்தன. அங்கிருந்து காட்டுவழியே நடந்து அம்பாங் போனார்கள்.

ஒரு மாதம் ஆனது. 87 பேரில் 69 பேர் காய்ச்சலுக்குப் பலி. மிஞ்சியவர்கள் 18 பேர்.

பதிலாக என்ன நடந்தது? மேலும் 150 பேர் அனுப்பப்பட்டார்கள். ஈயம் கிடைத்தது. ஆறுகள் கூடும் அந்த இடத்தில் கடைகள் எழுந்தன. அதுவே இன்றைய கோலாலம்பூர். ராஜா அப்துல்லாவின் சரக்குக் கிடங்கு கிள்ளானில் இன்றும் நிற்கிறது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மாண்ட 69 பேரின் பெயர்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு கொலையில் தொடங்கிய போர்

அடுத்த பத்தாண்டில் கிள்ளான் பற்றி எரிந்தது. சிலாங்கூர் உள்நாட்டுப் போர் என்றும் கிள்ளான் போர் என்றும் அதைச் சொல்வார்கள். அடிப்படைக் காரணம் ஈயத்தின் மீதான வரி. ராஜா மஹாடியின் தந்தை ராஜா சுலைமான் ஒரு காலத்தில் கிள்ளானை ஆண்டவர். அவருக்குப் பிறகு அந்த உரிமை மகனுக்கு வராமல் ராஜா அப்துல்லாவுக்குப் போனது. 1866இல் வரி வசூலிக்கும் குத்தகை, சிங்கப்பூர் வணிகர்களான ரீட், டான் கிம் செங் ஆகியோரிடம் விடப்பட்டது. அவர்களுக்கு வரி கட்ட முடியாது என்று மஹாடி மறுத்தார்.

இது பெரிய இடத்துச் சண்டை. அதைப் போராக மூட்டிவிட்டதோ ஒரு சாதாரண மனிதனின் கொலை. சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய பத்து பாரா கூட்டத்தார் கிள்ளானில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை ராஜா அப்துல்லாவின் ஆள் ஒருவர் கொன்றுவிட்டார். கூட்டத்தின் தலைவர் முகமது அக்கிப் நியாயம் கேட்டுப் போனார். குற்றவாளியைத் தண்டிக்க ராஜா அப்துல்லா மறுத்தார்.

அக்கிப் நேராக மஹாடியிடம் போனார். 1867இல் இரு தரப்பும் சேர்ந்து கிள்ளான் கோட்டையைத் தாக்கிப் பிடித்தன. அந்தச் சண்டையிலேயே அக்கிப்பும் மாண்டார். நியாயம் கேட்டவரும் போய்விட்டார். போர் மட்டும் நின்றது.

ஏழு ஆண்டுகள் அது ஓயவில்லை. சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகன் தெங்கு கூடின் ஒரு பக்கம் நின்றார். கோலாலம்பூரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் அவரோடு சேர்ந்தார். மஹாடியின் பக்கம் சையத் மஷோரும் சோங் சோங்கும். தெங்கு கூடினின் கூலிப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1870இல் கிள்ளான் மஹாடியின் கையை விட்டுப் போனது. 1872இல் கோலாலம்பூர் வீழ்ந்து சாம்பலானது. 1873இல் பகாங் படையின் உதவியோடு அது மீட்கப்பட்டது.

1874இல் ஆங்கிலேயர் ஆலோசகர் என்ற பெயரில் சிலாங்கூருக்குள் நுழைந்தார்கள். மஹாடி 1882இல் சிங்கப்பூரில் காலமானார். கொல்லப்பட்ட அந்தப் பத்து பாராக்காரருக்கு நியாயம் கிடைத்திருந்தாலும் வரிச் சண்டை வந்திருக்கலாம். ஆனால் அக்கிப்பின் ஆட்கள் மஹாடியின் பின்னால் திரண்டிருக்கத் தேவை இருந்திருக்காது.

கொசுவைத் தேடிய டாக்டர்

கத்திச் சண்டை ஓய்ந்தது. இரயில் வந்தது, ஆற்று முகத்தில் புதிய துறைமுகம் கட்டப்பட்டது. 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட அதற்கு ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயர். அதுதான் இன்றைய கிள்ளான் துறைமுகம். திறந்த சில வாரங்களிலேயே ஊழியர்கள் காய்ச்சலில் சுருண்டு விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானுக்கு வந்திருந்த மாவட்ட டாக்டர் மால்கம் வாட்சன். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. காய்ச்சலைத் தலைவிதி என்று விட்டுவிட வாட்சன் தயாராக இல்லை. காட்டை வெட்டி, சதுப்பை வடித்து, கால்வாய் தோண்ட வைத்தார். கூடவே ஒரு கணக்கும் எழுதினார்.

மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் கிள்ளான் பட்டணத்தார் 1901இல் 334 பேர், துறைமுகத்தார் 188 பேர். 1905இல் பட்டணத்திலிருந்து வந்தவர்கள் 12 பேர், துறைமுகத்திலிருந்து 11 பேர்தான். 522 என்ற எண்ணிக்கை 23 ஆனது.

அதே கணக்கில் இன்னொரு வரி உண்டு. மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் 1901இல் 197 பேர். 1905இல் அது குறையவில்லை. 353 ஆக ஏறியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின, ஆட்களும் பெருகினார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் கால்வாய் வெட்டப்பட்டது பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும்தான். கப்பல் நின்றால் அரசாங்கத்துக்கு நட்டம். தோட்டத்தில் ஒருவன் படுத்துவிட்டால் அடுத்த கப்பலில் வேறொருவன் வருவான்.

தோட்டத்துக் கணக்கு

அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணியோடும் கடல் தாண்டி வந்தவர்கள். காட்டை அழித்ததும் மலையோடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த நீரில் முட்டையிடும் கொசு வகை ஒன்று பெருகியது. நிலத்தைத் திருத்தியவர்களையே அந்த நிலம் கொன்றது.

1911ஆம் ஆண்டுக் கணக்கு இதைச் சொல்லும். ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஏறத்தாழ 143,000 தொழிலாளர்கள். அந்த ஓர் ஆண்டில் மாண்டவர்கள் சுமார் 9,000 பேர். ஆயிரம் பேருக்கு அறுபதுக்கும் மேல்! மூட்டை முடிச்சோடு கப்பலேறி வந்தவர்களின் வயதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்.

ஏழு ஆண்டுப் போருக்குத் தளபதிகளின் பெயர்கள் உண்டு. ஓர் ஆண்டில் போன இந்த 9,000 பேருக்கு இருப்பது ஓர் எண்ணிக்கை மட்டும்.

சைக்கிளும் துப்பாக்கியும்

இந்தக் கதையின் தொடர்ச்சி 1941இல் இருக்கிறது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்த ஆண்டு வேலைநிறுத்தம் மூண்டது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச்.நாதன், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். சம்பள உயர்வோடு தொழிலாளர்கள் கேட்டவை என்ன? நல்ல மருத்துவ வசதி. பிள்ளைகளுக்குப் படிப்பு. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். அரை நூற்றாண்டாகச் செத்தவர்களுக்காக இருந்தவர்கள் கேட்ட கேள்விகள் அவை. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தார்கள். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் மாண்டார்கள்; நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்.

கேள்வி இன்னும் இருக்கிறது

பழைய கிள்ளானில் மனித உயிர் மலிவாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மையில் எல்லா உயிரும் மலிவாக இல்லை. கேட்க ஆள் இருந்த உயிருக்கு விலை இருந்தது. துறைமுகத்துக்காக அரசாங்கம் கேட்டது, கால்வாய் வந்தது. பத்து பாராக்காரருக்காக அக்கிப் கேட்டார். மறுத்தபோது போர் வந்தது. அம்பாங்கில் மாண்ட 69 பேருக்காகக் கேட்க யாரும் இல்லை. அடுத்த படகு புறப்பட்டது.

இன்று நாட்டில் சட்டம் இருக்கிறது. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை நடத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் தானாக நடப்பதில்லை. ஒரு தாயோ மனைவியோ வாசலில் நின்று "எப்படிச் செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போதுதான் அது நடக்கிறது. அந்தக் கேள்வியைத் தொந்தரவு என்று நினைப்பவர்கள், 1867இல் கிள்ளான் கோட்டைக்கு நியாயம் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பிய மனிதரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.