அணில் முதல் கனசதுரம் வரை: வெப்மெயில் எளிமையான கதை

சொந்த டொமைன் வாங்கி, சிபேனல் இருக்கும் வாடகை சர்வரில் மின்னஞ்சல் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பக்கம் மறந்திருக்காது. கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால் மின்னஞ்சல் வராது. மூன்று படங்கள் வரும்: ஹோர்ட், ஸ்க்விரல்மெயில், ரவுண்ட்கியூப். இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும். கடிதம் படிக்க வந்தவனிடம் மென்பொருள் தேர்வு நடத்துவது என்ன நியாயமோ! ஆனால் இந்த மூன்றும் திறமூல மென்பொருட்கள். யாரும் இலவசமாக இறக்கி நிறுவலாம். அந்த "இலவசம்" யாருடைய நேரத்தில் வந்தது என்பதுதான் கதை.

1999-ல் நேதன் எரெஸ்மன், லூக் எரெஸ்மன் இருவரும் ஸ்க்விரல்மெயிலைத் தொடங்கினார்கள். பிஎச்பியில் எழுதப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே ஓடும், டேட்டாபேஸ் கூட வேண்டாம். பயனரின் விருப்பங்களைச் சாதாரணக் கோப்புகளில் எழுதி வைத்துக்கொள்ளும். டயல்-அப் இணைப்பும் பழைய கணினியும் இருந்த நம் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பக்கம் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் திறக்கும்.

சிக்கல் நிறுவும் இடத்தில் இருந்தது. கருப்புத் திரையில் ஒரு பெர்ல் நிரலை ஓட்ட வேண்டும். எண் போட்ட மெனு வரும். ஐமேப் சர்வர் எந்த வகை, கோப்புறைகளின் பெயருக்கு முன்னால் என்ன சேர்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்கும். தெரிந்தவருக்கு பத்து நிமிட வேலை. தெரியாதவருக்கு, "டொமைன்" என்ற இடத்தில் முன்பே எழுதியிருந்த எக்ஸாம்பிள்.காம் அப்படியே நின்றுவிடும். பயனரும் தன் முகவரியைத் தானே நிரப்பாவிட்டால், அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் இல்லாத முகவரியிலிருந்து போகும். பதில் வராது. எழுதியவர், எதிராளி மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்! நிர்வாகி விட்ட ஒரு வரி, பயனரின் தலையில் விடிந்தது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஆங்கில இடைமுகம் ஐஎஸ்ஓ-8859-1 என்ற குறியாக்கத்தில் இருந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. யுனிகோடில் "அம்மா" என்று தட்டினால், உலாவி அந்த ஐந்து குறிகளையும் எண்களாக மாற்றி அனுப்பும். மறுமுனையில் போய்ச் சேருவது இதுதான்:

&#2949;&#2990;&#3021;&#2990;&#3006;

அம்மாவுக்கு வந்த கதி :-) தீர்வு உள்ளே இருந்தது. விருப்பங்கள் பக்கத்தில் போய், யுடிஎஃப்-8 பயன்படுத்தும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழே அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதன் குறியீடு டிஏ-எல்கே, அதாவது இலங்கைத் தமிழ். இந்தியத் தமிழைக் குறிக்கும் டிஏ-ஐஎன் அந்தத் தொகுப்பில் இடம்பெறவில்லை. ஆறு கோடிக்கு மேல் தமிழர்கள் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, அந்தச் சின்னத் தீவின் பெயரில்தான் நம் மொழி அணிலுக்குள் ஏறியது. பெருமைப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான். அதுவும் மொழித்தொகுப்பை நிர்வாகி தனியாக இறக்கி வைத்திருந்தால்தான் தெரியும்.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. ஹாட்மெயில் 2 எம்பி இடம் கொடுத்த காலத்தில் 1 ஜிபி. இடத்தைவிட முக்கியமானது, பக்கம் முழுவதும் மறுபடி திறக்காமலே உள்ளே வேலை நடந்தது. அதன்பின் அணிலைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சுவிட்சர்லாந்தின் தாமஸ் ப்ரூடர்லி வருகிறார். அவர் தொடங்கிய ரவுண்ட்கியூப், 2008-ல் 0.1 பதிப்பாக நிலைபெற்றது. கடிதத்தை இழுத்துக் கோப்புறையில் போடலாம். யுடிஎஃப்-8 அடிப்படை. நிறுவுவதற்கு உலாவியிலேயே மூன்று படிகள்: சர்வரில் தேவையானவை இருக்கிறதா என்று பார்க்கும், கட்டமைப்புக் கோப்பை உருவாக்கித் தரும், கடைசியில் கடிதம் அனுப்பியும் உள்நுழைந்தும் சோதிக்கும். அந்த மூன்றாவது படிதான் பெரிய விஷயம். எக்ஸாம்பிள்.காம் மாதிரியான தவறு, பயனரிடம் போகும் முன் நிர்வாகியின் கண்ணிலேயே பட வாய்ப்பு கிடைத்தது. புதிய பயனரைத் தனியாகச் சேர்க்கவும் வேண்டாம். சரியான கடவுச்சொல்லோடு முதல்முறை நுழைந்தாலே கணக்கு உருவாகிவிடும்.

எளிமைக்கும் விலை உண்டு. வேலை முடிந்ததும் நிறுவும் கோப்புறையை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியாரும் அதைத் திறக்கலாம். சுலபமாக நிறுவியவர்கள் புதிய பதிப்புக்கு மாறுவதை மறந்தார்கள். 2025 ஜூனில் ரவுண்ட்கியூப் அடைத்த ஓர் ஓட்டை, பத்து வருடங்களாக உள்ளேயே இருந்திருக்கிறது. கவனிக்க ஆள் வைக்காமல், இலவச மென்பொருளின் செலவு பூஜ்யம் என்று கணக்கு எழுதிய நிறுவனங்கள் நிறைய. லாப நஷ்டக் கணக்கில் வராத பொறுப்பு அது.

அணிலின் கடைசி நிலைப்பதிப்பு, 1.4.22, 2011-ல் வந்தது. 2019-ல் சிபேனல் அதை நீக்கியது, பிறகு ஹோர்டும் போனது. மூன்று படங்களில் ரவுண்ட்கியூப் மட்டும் மிஞ்சியது. 2023 நவம்பரில் அது நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனத்தோடு சேர்ந்தது.

இந்திய அரசின் மின்னஞ்சலும் பல ஆண்டுகள் ஜிம்ப்ரா என்ற திறமூல வழி வந்த மென்பொருளில்தான் ஓடியது. இப்போது சுமார் 12 லட்சம் அரசு மின்னஞ்சல் கணக்குகள் ஸோஹோவுக்கு மாறிவிட்டன. மேலநீலிதநல்லூர் இருக்கும் அதே தென்காசி மாவட்டத்தில், மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோதான். பயன்படுத்த எளிது, நம் ஊர்க்காரர்களின் வேலையும் அதில் இருக்கிறது. ஆனால் அதன் நிரலைத் திறந்து பார்க்க வெளியாருக்கு வழியில்லை.

ரவுண்ட்கியூபில் இன்றும் ஒரு சின்னச் செருகுநிரல் கூடவே வருகிறது. முதல்முறை நுழைபவரிடம் பெயரும் முகவரியும் சரியா என்று கேட்கும், அவ்வளவுதான். அன்று அணிலிடம் இல்லாத கேள்வி. அதை இயக்க, நிர்வாகி கட்டமைப்புக் கோப்பைத் திறந்து அதன் பெயரைச் சேர்க்க வேண்டும்.