பீர் மாதிரி இருக்கும், ஆனா பீர் இல்லை: ரஷ்யாவின் 'க்வாஸ்' பானத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

சோவியத் காலத்தில் கோடை வந்துவிட்டால் போதும், தெருமுனைகளில் மஞ்சள் நிற டேங்கர் வண்டிகள் வந்து நின்றுவிடும். குழாயைத் திறந்தால் நுரை பொங்கப் பழுப்பு நிறத்தில் ஒரு பானம் வரும். அதுதான் க்வாஸ். ஒருவர் குடித்த கண்ணாடி கிளாஸையே அலசி அடுத்தவருக்கும் கொடுப்பார்கள்!

செய்முறை ரொம்ப சிம்பிள். மீந்துபோன 'ரை' தானிய ரொட்டியை நன்றாகக் காயவைத்து வெந்நீரில் ஊறப்போடுவார்கள். வடிகட்டி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, கொஞ்சம் உலர்திராட்சையும் போட்டு ஓரிரு நாள் வைத்தால் பானம் ரெடி. ஈஸ்ட் குமிழியைத் தருகிறது, லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பைத் தருகிறது.

அப்போ போதை? இருக்கு, ஆனா மிகக் குறைவு. புளிப்பதைப் பாதியிலேயே நிறுத்திவிடுவதால், ரஷ்ய விதிப்படி ஆல்கஹால் 1.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அங்கே குழந்தைகளும் குடிக்கிறார்கள். ஆல்கஹாலை அறவே தவிர்ப்பவர்கள் மட்டும் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் செய்ததை நாள்கணக்கில் விட்டுவைத்தால் அளவு ஏறும்.

பெயர்க் கதைதான் சுவாரஸ்யம். ஸ்லாவிய மொழிகளில் 'க்வாஸ்' என்றால் புளிப்பு, புளித்த மாவு. ரஷ்யர்கள் புளிக்கவைத்த முட்டைக்கோஸை 'க்வாஷெனயா கபுஸ்தா' என்பதும் இதனால்தான். சமஸ்கிருதத்தில் 'க்வத்' என்றால் கொதிப்பது. ஆயுர்வேதத்தில் காய்ச்சி வடித்த மருந்து 'க்வாதம்'. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்கிறார்கள் மொழியியலாளர்கள். கொதித்தாலும் நுரை, புளித்தாலும் நுரை!

கி.பி. 996-ம் ஆண்டு நிகழ்வுகளைச் சொல்லும் பழைய ரஷ்ய வரலாற்றுக் குறிப்பிலேயே க்வாஸ் இருக்கிறது. கீவ் இளவரசர் விளாதிமிர் மக்களுக்கு வழங்கியவற்றில் இதுவும் ஒன்று. 1827-ல் கவிஞர் வியாசெம்ஸ்கி இந்தப் பெயரை வைத்தே கிண்டலடித்தார். தன் நாட்டுச் சரக்கு எல்லாமே உசத்தி எனக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுவதற்கு 'க்வாஸ் தேசபக்தி' என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு வெளிநாட்டு கோலாக்கள் சந்தையைப் பிடித்தன. பதிலடியாக வந்த ஒரு க்வாஸ் பிராண்டின் பெயர் 'நிகோலா'. அது ஆள் பெயர்தான், ஆனால் காதில் 'கோலா இல்லை' என்றும் விழும்.

கடையில் வாங்குபவர்கள் லேபிளைப் பார்க்க வேண்டும். 'க்வாஸ் பானம்' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது புளிக்கவைக்காமல் சுவையூட்டி கலந்த சோடாதான்.