கதிர்காமத்து மூட்டை

வைகாசி பிறந்தால் வாகரையில் எங்கள் உரல் ஓயாது. கதிர்காமப் பாதயாத்திரைக்கு அம்மம்மா அரிசிமா இடித்து வறுப்பா. வெருகல் பக்கமிருந்து வரும் அடியார்களோடு அவவும் தெற்கே நடப்பா.

பாணமை வரை ஊர்கள் உண்டு; யாராவது அன்னம் இடுவார்கள். உகந்தை முருகனைத் தாண்டினால் காடு. குமணை, யால வழியே பல நாள் நடை, கடையில்லை. அதனால் கெடாததும் பாரமில்லாததுமே மூட்டையில் ஏறும்: வறுத்த மா, அவல், பயறு, சர்க்கரை.

"பசியைப் பொறுக்கலாம் மகள், தாகத்தைப் பொறுக்கேலாது" என்பா. கும்புக்கன் ஆற்றில் போத்தல்களை நிரப்பியபிறகே அடுத்த அடி. வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும்.

2006 மார்கழி மழையில், போருக்கு அஞ்சி ஊரே இடம்பெயர்ந்தபோது, அம்மம்மாவின் கணக்கிலேயே நான் மூட்டை கட்டினேன்: முதலில் தண்ணீர், பிறகு மா.